மாலைமாற்று

காவடி முடிந்த மறுநாள்
மாயேபூர் கோயில் சமையல்கூடத்தில்
ஏழுகறி வாடை இன்னும் போகாத மேசைமேல்
உண்டியலைக் கவிழ்ப்பார்கள்.
நான் முதல் ஆளாய்ப் போய்விடுவேன்.
பக்தி என்று பொருளாளர் மர்தேமுத்து நினைக்கிறார்.
நினைக்கட்டும்.

நான் பார்ப்பது எண்ணை.
நோட்டின் ஓரத்தில் இரண்டு எழுத்து, பின்னால் ஆறு இலக்கம்.
கியூர்பிப் பேருந்தில் டிக்கெட் கிழிக்கிற பதினெட்டு வருஷமும்
நீட்டிய முகங்களை விட்டு
இதைத்தான் பார்த்தேன்.
வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள்
எல்லா இலக்கமும் ஒன்றாய் நிற்கும் மடகாஸ்கர் தாள் ஒன்று.
ஒன்று இரண்டு மூன்று என்று படியேறும் செஷல்ஸ் தாள்,
ஒரு மாலுமி கடனுக்குப் பதிலாய் விட்டுப்போனது.
என் விவாகரத்துத் தேதியைச் சுமக்கும் ராண்ட் ஒன்றும் உண்டு,
தேடவில்லை, தானாக வந்தது.
எட்டு எட்டாய் வந்தால் லீ ஷிம் கடைக்குப் போய்விடும்,
அவர் நல்ல விலை தருவார்.
எனக்கு ஆசை மாலைமாற்றில்.
கல்யாண மேடையில் நடப்பது அல்ல.
தலையிலிருந்து படித்தாலும் வாலிலிருந்து படித்தாலும்
அதே எண்.

போன வருஷம் ஈரத்தில் ஒட்டிய கட்டு ஒன்றிலிருந்து
உரிந்து வந்தது ஐந்நூறு ரூபாய்.
470074.
அது போதாதென்று
தாள் தொண்ணூற்றெட்டாம் வருஷத்தது:
தமிழை ஒரு வரி கீழே இறக்கி அச்சடித்து
நம் ஆட்கள் கொதித்து
வங்கி திரும்ப வாங்கிக்கொண்ட வரிசை.
நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் தமிழ்
புத்தகத்தில் இல்லை, நோட்டில்.
அது எந்த வரியில் நிற்கும் என்று என் விரலுக்கே தெரியும்.
யாரோ இத்தனை காலம்
அரிசி டின்னிலோ சேலை மடிப்பிலோ வைத்திருந்து
முருகனிடம் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.
என்ன வேண்டிக்கொண்டார்களோ.

என் சட்டைப்பையில் வேறொரு ஐந்நூறு இருந்தது.
எண் நினைவில்லை,
நினைவில் வைக்கிற எண்ணும் அல்ல.
மர்தேமுத்து சில்லறை வாளியை இழுக்கத் திரும்பினார்.
அவ்வளவு நேரம் போதும்.
ஐந்நூறு போய் ஐந்நூறு வந்தது.

கடைக்காரன் முகம் சுளிக்கிற தாளை எடுத்து
புதுத் தாள் வைத்தேன்,
கோயிலுக்கு லாபம் என்றுகூடச் சொல்லலாம்.
ஜெர்மனியில் ஒருவர் இதற்கு நாற்பது மடங்கு தருவார்.
முருகனுக்கு அது தெரியாது என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு இரண்டு புயல் வந்தது. கூரை போகவில்லை.
மழைக்கு முட்டி வலித்தது, எப்போதும் வலிப்பதுதான்.
எதையும் தண்டனை என்று சொல்ல முடியவில்லை.
அதுதான் தொல்லை.

இந்தக் காவடிக்கு வரிசையில் நின்றேன்.
உண்டியல் வாய் சின்னது.
மடித்தால் பாதி விலை போய்விடும் தாளை
மடிக்க மனம் வராமல்
சுருட்டி உள்ளே விட்டேன்.
விழுந்த சத்தம் கேட்கவில்லை.

இன்று மேசைக்கு எதிரே புதிதாய் ஒருத்தி,
மிலேன் சின்னப்பன்,
விமான நிலையத்தில் பணம் மாற்றும் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவள்.
அவள் நோட்டுகளை எண்ணவில்லை,
படித்தாள்.
ஓரம், ஓரம், ஓரம்.
சுருள் அவள் பக்கம்தான் உருண்டது.
நகத்தால் நீவி விட்டாள்.
உதடு அசைந்தது இடமிருந்து,
பிறகு வலமிருந்து.
மர்தேமுத்து சில்லறை வாளியை இழுக்கத் திரும்பினார்.

ஒரு கைப்பையின் ஜிப்
எனக்கு மட்டும் கேட்டது.
ஐந்நூறு போய் ஐந்நூறு வந்தது.
நிமிர்ந்தாள். பார்த்துவிட்டேன் என்பதைப் பார்த்தாள்.

"கணக்கு சரியா?" என்றார் மர்தேமுத்து.
"சரி" என்றாள்.
"சரி" என்றேன்.

மேசையில் இன்னும் ஒரு கட்டு பிரிக்காமல் கிடந்தது.
இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம்.